மாடும் மேடும் மடையும்

எங்க குடும்பத்து நிலம் சம்பந்தமான காகிதம் மொத்தமும் இப்போ ஒரு பென் டிரைவுக்குள்ள இருக்குங்க. தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று, கந்தாய ரசீது, கெணத்துப் பங்குக்கு எழுதிக்கிட்ட ஒப்பந்தம், சொசைட்டிக் கடன் காகிதம், நடுவுல மாட்டு இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 412 ஃபைல். எங்க அண்ணன் 2018-ல ஆரம்பிச்சு ரெண்டு வருசமா, நேரம் கெடைக்கும்போதெல்லாம் செல்போன்ல படம் புடிச்சுச் சேர்த்தது. பேர் வச்சதும் அவர்தான். அண்ணன் தவறி மூணு வருசம் ஆச்சு.

அந்தப் பேர்களைப் பார்த்தா உங்களுக்குத் தலை சுத்தும். சிலது இப்படி இருக்கும்:

பட்டா 145-2பி (பாக்கணும்)
பள்ளக்காடு கெழக்கு வரப்பு   அக்கா பாகம்
கெணறு 3-ல் 1 மோட்டார்
ஸ்கேன் 7 ஃபைனல் ஃபைனல்
ஐஎம்ஜி-20190612-டபிள்யூஏ0004
தோட்டம்
தோட்டம்

கடைசி ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, ஒரே ஃபோல்டர்ல எப்படி இருக்க முடியும்னு கேப்பீங்க. அதுக்குப் பிறகு வர்றேன்.

அண்ணன் பையன் கோயமுத்தூர்ல காலேஜ் ரெண்டாவது வருசம் படிக்கிறான். பைத்தான் புதுசா கத்துக்கிட்டு இருக்கான். "சித்தப்பா, அப்பா வச்ச பேரெல்லாம் ஒரே குப்பையா கெடக்குதுங்க. நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிச் சுத்தம் பண்ணிக் குடுத்தர்றனுங்க"ன்னு சொன்னான். பையன் முதல் தடவையா வீட்டுக்குன்னு ஒரு வேலை செய்யறேங்கறான், வேண்டாம்னு சொல்ல மனசு வரலை. எனக்கும் கொஞ்சம் பைத்தான் பழக்கம் உண்டு. நகல் எடுத்த பென் டிரைவைக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாந்தான். பதினஞ்சு வரி ஸ்கிரிப்ட். இணையத்துல எந்தப் பாடத்துல பார்த்தாலும் இருக்கற மாதிரியேதான். ஃபோல்டர்ல இருக்கற ஃபைலை ஒவ்வொண்ணா எடு. அடைப்புக்குறியையும் அதுக்குள்ள இருக்கறதையும் அழி. இடைவெளிக்குப் பதிலா அடிக்கோடு போடு. எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் தவிர மத்ததெல்லாம் அழி. புதுப் பேரை வை. அவ்வளவுதான்.

ஓடி முடிஞ்சதும் ஃபோல்டர்ல 388 ஃபைல் இருந்துச்சு.

"மிச்சம் 24 எங்கடா கண்ணு?"

அவனுக்குத் தெரியலை. ஸ்கிரிப்டும் ஒரு பிழையும் காட்டலை. ரெண்டு பேரும் வாசல் திண்ணையில உக்காந்து மறுபடியும் ஒரு புது நகலை எடுத்து, ஒவ்வொரு வரியா ஓட்டிப் பார்த்தோம்.

முதல்ல கண்ணுல பட்டது எழுத்து. "பட்டா"ங்கற சொல் "படட"ன்னு ஆகியிருந்துச்சு. "நிலம்" "நலம"ன்னு ஆயிருச்சு. "கெணறு" "கணற"ன்னு நிக்குது. புள்ளி, கால், கொம்பு, சுழி ஒண்ணையும் காணோம்.

காரணம் இதுதாங்க. பைத்தான்ல "எழுத்து, எண், அடிக்கோடு"ன்னு சொல்றதுக்கு பேக்ஸ்லாஷ் போட்டு டபிள்யூன்னு ஒரு குறி இருக்கு. புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் அதைத்தான் போடுவாங்க. இங்கிலீஷ் பேருக்கு அது சரியா வேலை செய்யும். ஆனா யூனிகோடுல நம்ம "டா" ஒரே எழுத்தா உக்காந்திருக்கலை. "ட" தனி, கால் தனி. "ட்"ல புள்ளி தனி. இந்திய மொழிகளுக்கு 1988-ல வந்த இஸ்கி முறையை ஒட்டி யூனிகோடு தமிழுக்கு இடம் ஒதுக்கினதால வந்த அமைப்பு அது. உயிரும் மெய் அகரமும் "எழுத்து"ங்கற வகை. புள்ளியும் காலும் கொம்பும் "குறி"ங்கற வகை. பைத்தானோட அந்தக் குறி, எழுத்து வகையை வச்சுக்கும், குறி வகையை விட்டுரும். "மத்ததெல்லாம் அழி"ன்னு சொன்னா புள்ளியும் காலும் அந்த மத்ததுல போயிரும். இந்திக்கும் மலையாளத்துக்கும் இதே கதிதான்.

நம்ம பாட்டனார் காலத்து ஓலையில புள்ளியே வைக்க மாட்டாங்க, அதையும் படிச்சாங்களேன்னு நினைக்கலாம். படிக்கறது வேற, ஃபைல் பேரு வேற. அண்ணன் மூணு படத்துக்கு ஒத்தச் சொல்லுல பேர் வச்சிருந்தார். ஒண்ணு "மாடு", காதுல இன்சூரன்ஸ் வில்லை போட்டதைக் காட்டற படம். இன்னொண்ணு "மேடு", வடவரத்து எல்லையில கல் இருக்கற இடம். மூணாவது "மடை", எங்க தோட்டத்துக்கு வாய்க்கா திரும்பற பழைய மடை. காலும் கொம்பும் சுழியும் போனா மூணும் "மட". லினக்ஸ்ல ஏற்கெனவே இருக்கற பேரையே இன்னொரு ஃபைலுக்கு வைக்கச் சொன்னா, பைத்தான் கேள்வி கேக்காம பழசை அழிச்சுட்டுப் புதுசை அங்க வச்சிரும். விண்டோஸ்ல பிழை காட்டி நின்னிருக்கும். அவன் லேப்டாப் உபுண்டு. கடைசியா பேர் மாறின ஃபைல் மட்டும் மிஞ்சும். எங்களுக்கு மிஞ்சுனது மாடு.

மாட்டை அந்த வருசமே வித்தாச்சுங்க. மடையும் எல்லைக்கல்லும் போயிருந்தா வேற படம் கெடையாது. அந்த மடை இருந்த இடத்துல இப்போ ரோடு போட்டாச்சு.

அடுத்தது எண். எங்களுக்கு 121/1-ல ஒரு துண்டு, 12/11-ல ஒரு துண்டு. ரெண்டும் அரை மைல் தள்ளித் தள்ளி இருக்கு. ஃபைல் பேருல சாய்கோடு போட முடியாது. லினக்ஸ்ல அது ஃபோல்டரைப் பிரிக்கற குறி, விண்டோஸும் ஒத்துக்காது. அதனால அண்ணன் சின்னக் கோடு போட்டு 121-1ன்னும் 12-11ன்னும் வச்சிருந்தார். ஸ்கிரிப்ட் கோட்டை அழிச்சதும் ரெண்டும் 1211. ரெண்டு பட்டாவுல ஒண்ணு காலி.

சர்வே எண்ணுல அந்தக் கோடுதாங்க நிலம். கோட்டுக்கு முன்னாடி இருக்கறது சர்வே புலம், பின்னாடி இருக்கறது உட்பிரிவு. அப்பாரு காலத்துல ஒண்ணா இருந்த 145, பாகம் பிரிக்கப் பிரிக்க 145/2 ஆகி, அப்புறம் 145/2ஏ, 145/2பி ஆச்சு. எத்தனை தலைமுறை, எத்தனை அண்ணன் தம்பி, எத்தனை பஞ்சாயத்துங்கறது அந்தச் சின்னக் கோட்டுலயும் எழுத்துலயும் இருக்கு. பையனுக்கு இதைச் சொன்னப்போ, "நான் அதை ஃபைல் நம்பர்னு நெனச்சனுங்க சித்தப்பா"ன்னான். டவுன்ல படிக்கற பையன், அவனைச் சொல்லிக் குத்தமில்லை.

வருசத்துலயும் இதே சிக்கல். நாலு இலக்கம் வந்தா அது கி.பி. வருசமா இருக்கும்னு அடுத்ததா ஒரு விதி எழுதறதா இருந்தான். கந்தாய ரசீதுல 1428ன்னு இருக்கும். அது பசலி. ஜூலை 1-ல தொடங்கற கணக்கு. 590 கூட்டினா 2018 வரும், அதாவது 2018 ஜூலையில இருந்து 2019 ஜூன் வரை. ரசீதுன்னு பேருல இருந்தா 1428 பசலி. பட்டான்னு இருந்தா அது சர்வே எண்ணாவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்துட்டு முடிவு பண்ண முடியாது.

மூணாவதுதான் எனக்கு மனசைப் பிசைஞ்சுது. அடைப்புக்குறி. பையன் அதை அழிச்சதுக்கு ஒரு நியாயம் இருக்கு. ஒரே ஃபைலை ரெண்டு தடவை இறக்கினா கம்ப்யூட்டரே (1), (2)ன்னு போட்டுரும். அதை எடுக்கத்தான் அந்த வரி. ஆனா அண்ணன் ஏழு ஃபைலுக்குக் கடைசியில "(பாக்கணும்)"னு எழுதியிருந்தார். அந்த ஏழும் போச்சு.

அதுல ஒண்ணைத் திறந்து பார்த்தோம். 145/2பி. பத்திரத்துல 1 ஏக்கர் 12 சென்ட். பட்டாவுல 0.41.0 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஆகக் கணக்குப் போட்டா 1 ஏக்கர் 1 சென்ட்தான் வருது. 11 சென்ட் குறையுது. எண்பதுகள்ல நடந்த யூ.டி.ஆர். அளவைக்குப் பிறகு பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போகாம இருக்கறது நம்ம பக்கம் நிறைய ஊர்ல இருக்கற சங்கதிதான். அண்ணன் அதைக் கண்டுபுடிச்சிருக்கார். யாருகிட்டயும் சொல்றதுக்கு முன்னாடி அடைப்புக்குறிக்குள்ள ஒரு சொல்லா எழுதி வச்சிருக்கார். அந்த 11 சென்ட் எங்க அக்காவுக்கு வர வேண்டிய பாகத்துல இருக்கு.

பையன் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "இது அப்பா எழுதுன நோட்டுங்களா சித்தப்பா?"ன்னு கேட்டான். ஆமாங்கண்ணுன்னேன்.

அதுக்குப் பிறகுதான் ஸ்கிரிப்டைத் திருத்த உக்காந்தோம். மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு. என்ன செஞ்சோம்னு வரிசையாச் சொல்றேன், உங்களுக்கும் உதவும்.

முதல் வேலை, பேரை மாத்தற வரியையே எடுத்துட்டோம். ஸ்கிரிப்ட் இனி எதையும் தொடாது. பழைய பேர் இது, வைக்கப் போற பேர் இதுன்னு ஒரு பட்டியல் மட்டும் எழுதும். மஞ்சக்காட்டுல ஊடுபயிரா மொளகாயும் வெங்காயமும் இருக்கும்போது, களைவெட்டுக்குப் புதுசா ஆள் வந்தா கொத்தைக் கையில கொடுத்துட்டு நாம போயிர மாட்டோம். முதல் ரெண்டு சால் கூட நின்னு, எதை வெட்டப் போறேன்னு காட்டச் சொல்லுவோம். அதே மாதிரிதான். பட்டியலைப் படிச்சுச் சரின்னு சொன்ன பிறகு தனியா ஒரு கட்டளை கொடுத்தாத்தான் பேர் மாறும்.

ரெண்டாவது, பட்டியல்ல ஒரே புதுப் பேரு ரெண்டு தடவை வந்தா ஸ்கிரிப்ட் அங்கயே நின்னு அந்த ரெண்டையும் காட்டும். உள்ள போனது 412-ன்னா வெளிய வர்றதும் 412 இருக்கணும். பட்டியில அடைச்ச ஆட்டை எண்ணிப் பார்க்காம எவனும் தூங்கப் போறதில்லை.

மூணாவது, "அழி"ங்கறதைத் திருப்பிப் போட்டோம். யூனிகோடு ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வகை கொடுத்திருக்கு. பைத்தான்கிட்ட கேட்டா அந்த வகையைச் சொல்லும். எழுத்து, குறி, எண் இந்த மூணு வகையும் அப்படியே இருக்கட்டும்னு எழுதினோம். புள்ளியும் கொம்பும் தப்பிச்சுது. எண்களுக்கு நடுவுல இருக்கற கோட்டைத் தொடக் கூடாதுன்னு ஒரு விதி. மத்த இடத்துல ரெண்டு மூணு இடைவெளி சேர்ந்து இருந்தா ஒண்ணாக்கு, அவ்வளவுதான்.

நாலாவது, அடைப்புக்குறிக்குள்ள வெறும் எண் இருந்தா மட்டும் யோசி. அதுலயும் உடனே அழிக்காதே. ரெண்டு ஃபைலோட உள்ளடக்கமும் அச்சு அசலா ஒண்ணான்னு பாரு. ஒண்ணா இருந்தாத்தான் அது நகல். இந்தச் சோதனை போட்டதுல ஒரு விசயம் தெரிஞ்சுது. "பாகப்பத்திரம் (2)"ங்கறது நகல் இல்லை, ரெண்டாம் பக்கம்.

அஞ்சாவது, அந்த ரெண்டு "தோட்டம்". "தோ"வை யூனிகோடுல ரெண்டு விதமா எழுதலாம். "த"வுக்கு அப்புறம் ஓகாரக் குறி ஒரே துண்டா வரலாம். இல்லைன்னா இரட்டைக் கொம்பு தனியா, கால் தனியா வரலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு வேற வேற. ஒண்ணை அண்ணன் செல்போன்ல அடிச்சிருக்கார், இன்னொண்ணு வேற எடத்துல அடிச்சு வந்திருக்கு. இப்படி இருக்கறதை ஒரே வடிவமாக்க யூனிகோடே ஒரு வழி வச்சிருக்கு, பைத்தான்ல ஒரே வரி. ஆனா "ஔ"க்குப் பதிலா "ஒ", "ள"ன்னு அடிச்சு வச்சிருந்தா அந்த வழி காப்பாத்தாது. அதை நாமதான் கண்ணால பார்க்கணும்.

ஆறாவது, பழைய எழுத்துரு. டவுன்ல டைப் அடிக்கற கடையில இருந்து வந்த சில ஃபைலோட பேரு அர்த்தமே இல்லாத இங்கிலீஷ் எழுத்தா இருந்துச்சு. ஜி, எல், அரைப்புள்ளி, எல், எச். பையன் இதைக் கண்டிப்பாக் குப்பைன்னான். அது பாமினி எழுத்துருவுல அடிச்ச "பட்டா". பாமினியில அரைப்புள்ளிதான் நம்ம புள்ளி. அதை அழிச்சிருந்தா பட்டா இங்க "படடா" ஆயிருக்கும். யூனிகோடுக்கு முன்னாடி ஒவ்வொரு கடைக்கும் ஒரு எழுத்துரு, ஒருத்தர் அடிச்சது இன்னொருத்தருக்குத் தெரியாது. 2010 ஜூன்ல நம்ம கோயமுத்தூர் கொடிசியாவுல செம்மொழி மாநாடு நடந்த சமயத்துலதான் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழுக்குத் தரம்னு தமிழக அரசு ஆணை போட்டுச்சு. ஆணை வந்துட்டாலும் பழைய பழக்கம் இன்னும் கடைகள்ல இருக்கு.

இன்னொண்ணு நீளம். லினக்ஸ்ல ஒரு ஃபைல் பேரு 255 பைட்டுக்கு மேல போகக் கூடாது. இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு ஒவ்வொரு துண்டுக்கும் மூணு. "கோயமுத்தூர்"னு நாம ஆறு எழுத்தா எண்ணற பேரு, உள்ள பதினொரு துண்டு, 33 பைட். அண்ணன் சில ஃபைலுக்குக் கதையே எழுதியிருந்தார். அதுக்கு முன்னாடி தேதியைச் சேர்த்தா எல்லை தாண்டுது. நடுவுல வெட்டினா புள்ளி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போயிரும். அதனால நீளமா இருந்தா வெட்டாம என்கிட்ட கேளுன்னு எழுதி வச்சோம்.

கடைசியா ஒரு நாட்குறிப்பு. எந்த ஃபைல் எந்தத் தேதியில எந்தப் பேருல இருந்து எதுக்கு மாறுச்சுன்னு ஸ்கிரிப்ட் தானே எழுதி வைக்கும். தப்புன்னு தெரிஞ்சா அதை வச்சுத் திருப்பிக்கலாம்.

பட்டியலைப் பார்க்க எக்செல்ல திறந்தப்போ ஒரு கூத்து. ஃபைல் பேரு பக்கத்துல சர்வே எண்ணைச் சாய்கோட்டோட தனிக் கட்டத்துல போட்டிருந்தோம். 12/11 நவம்பர் 12 ஆயிருச்சு. 3/2 பிப்ரவரி 3. நமக்கு மட்டும் இந்த வம்புன்னு நினைக்காதீங்க. மனுச மரபணுக்கள்ல மார்ச்1, செப்ட்1னு பேர் இருந்துச்சு. எக்செல் அதையெல்லாம் தேதியாக்கி, ஆராய்ச்சிக் கட்டுரைகள் வரைக்கும் தப்பு போயிருச்சு. கடைசியில மரபணுவுக்குப் பேர் வைக்கற உலகக் குழு 2020-ல அந்த மரபணுக்களோட பேரையே மாத்திருச்சு. அவங்களால பேரை மாத்த முடிஞ்சுது. நம்ம சர்வே எண்ணை நாம மாத்த முடியாது. அந்தக் கட்டத்தை முன்கூட்டியே "எழுத்து"ன்னு வகை குறிச்சுட்டா எக்செல் தொடாது.

இப்போ ஸ்கிரிப்ட் எழுபது வரிக்கு மேல இருக்கு. 412-ல 371 பேரைத் தானாச் சரி பண்ணிருச்சு. மிச்சம் 41-ஐத் தனியா எடுத்து வச்சுட்டு, "உங்ககிட்ட கேட்கணும்"னு சொல்லுது. பையன் அந்த 41-ஐயும் முடிக்க இன்னும் நாலு விதி எழுதலாம்னு பார்த்தான். முடியலை. ஏன்னா அதெல்லாம் "பள்ளக்காடு", "மொட்டைக்கெணத்து மேக்கால", "வேலங்காட்டு வண்டித்தடம்" மாதிரிப் பேருங்க. எந்தப் பட்டாவுலயும் பள்ளக்காடுங்கற பேர் கெடையாது. அரசாங்கத்துக்கு அது வெறும் 145. எது பள்ளக்காடு, அது எங்க முடிஞ்சு வேலங்காடு எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ல எங்க குடும்பத்துல இப்போ இருக்கறது அக்கா ஒருத்திதான். அவளுக்கு எழுபத்திரண்டு வயசு.

அதனால பையன் லேப்டாப்பைத் தூக்கிட்டு அத்தை வீட்டுக்குப் போறான். அவன் பேரைப் படிப்பான், அத்தை இடத்தைச் சொல்லும், அவன் சர்வே எண்ணைப் பக்கத்துல சேர்ப்பான். பள்ளக்காடுங்கற பேரை எடுக்கறதில்லை. எண்ணு முன்னாடி, பேரு பின்னாடி. இதுவரைக்கும் பதினெட்டு முடிஞ்சிருக்கு. 11 சென்ட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தாச்சு, அதுக்கு வச்ச காகிதம் எல்லாம் அந்தப் பட்டியல்ல இருந்து தேடி எடுத்ததுதான், பத்து நிமிசம்கூட ஆகலை.

ஊர்ல நிலம் இருந்து டவுன்ல இருக்கறவங்க நிறையப் பேரு செல்போன்ல இப்படிப் படம் புடிச்சு வச்சிருப்பீங்க. சுத்தம் பண்ணறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுங்க. இன்னொரு நகலைக் கூடப் பொறந்தவங்க வீட்டுல வைங்க. அப்புறம் எந்த ஃபைலாவது எந்த இடத்தோடதுன்னு தெரியலைன்னா, ஊருக்குப் போன் போட்டுப் பெரியவங்ககிட்ட இந்த வாரமே கேளுங்க.